தேர்தல் காலத்துச் சிரிப்பு



தேர்தல் வந்துவிட்டால் நம் ஊர்களில் நாவுக்கு ஓய்வே கிடையாது. தூத்துக்குடி மில்லர்புரத்தில் மஃரிப் தொழுதுவிட்டு ஒரு தேநீர்க் கடையின் பலகையில் அமர்ந்து பாருங்கள். உப்பளத்திலிருந்து திரும்புவோரும், துறைமுகத்தில் வேலை முடிந்து வருவோரும், கடையடைத்துவிட்டு வரும் நம்மவரும் ஒரே பலகையில் நெருங்கி அமர்ந்திருப்பார்கள். எந்த வேட்பாளர் எங்கே என்ன சொன்னார், எந்தத் தலைவர் யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்ற பேச்சு இரவு இஷாவின் பாங்கு ஒலிக்கும் வரையில் நீளும். சிரிப்புக்கும் குறைவிருக்காது.

சில தேர்தல்களுக்கு முன்பு அப்பலகையில் அமர்ந்து யானும் ஒரு வேடிக்கை சொன்னேன். வெளியூரிலிருந்து வந்து நின்ற ஒரு வேட்பாளரைப் பற்றியது அது. “அவருக்கு நம் ஊரைப் பற்றி என்ன தெரியும்? உப்பை எந்த மாதத்தில் விதைப்பீர்கள் என்று கேட்டாலும் கேட்பார்” என்றேன். எல்லோரும் நகைத்தனர். யானும் அத்துடன் மறந்துவிட்டேன்.

பத்து நாட்கள் சென்றிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரு திருமண விருந்தில் என் அருகே அமர்ந்திருந்தவர், “காக்கா, சங்கதி கேட்டீர்களா? முள்ளக்காட்டு உப்பளத்தில் போய் நின்றுகொண்டு, விதைப்பு எந்த மாதம் என்று அந்த வேட்பாளர் கேட்டாராமே!” என்றார். என் ‘கேட்டாலும் கேட்பார்’ இப்போது ‘கேட்டார்’ ஆகிவிட்டிருந்தது. அதற்கு ஓர் இடமும், ஒரு பொழுதும், நேரில் கண்ட சாட்சியும் சேர்ந்திருந்தன. அவர் அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுக் கூறியபோது என் கையிலிருந்த கவளம் கையிலேயே நின்றது.

இது சிறு காரியந்தானே என்று நீங்கள் எண்ணலாம். யானும் அவ்வாறே எண்ண விரும்பினேன். ஆனால், ஒரு பேச்சைச் சிறிதென்று எண்ணிக்கொண்டு நாவிலிருந்து நாவுக்கு மாற்றியவர்களைப் பற்றித் திருமறையின் அந்நூர் அத்தியாயம் கண்டிப்புடன் பேசுகிறதே! பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கழுத்து மாலையைத் தேடச் சென்று பின்தங்கிவிட்டார்கள். அதைக் கண்ணும் காதும் வைத்து நயவஞ்சகர்கள் கதையாக்கினர். நயவஞ்சகர் செய்தது வியப்பன்று. உண்மையான விசுவாசிகளிலும் சிலர் அதை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார்களே, அதுவே நம்மைக் கலங்கச் செய்வது. மதீனா நகரம் ஒரு மாதகாலம் அதைப் பேசிற்று. நோயுற்றுப் படுத்திருந்த அன்னையாருக்கு மட்டுமே அது தெரியாதிருந்தது. அபூ அய்யூப் அன்சாரி (ரலி) அவர்களும் அவர்தம் துணைவியாரும் தம் இல்லத்தில் அதைப் பேசியபோது, நீயாக இருந்தால் அப்படிச் செய்வாயா என்று கணவர் கேட்க, மாட்டேன் என்று மனைவி சொல்ல, அப்படியாயின் உன்னிலும் மேலான ஆயிஷாவைப் பற்றி எவ்வாறு நம்புவது என்று அவ்விருவரும் அப்பேச்சை அங்கேயே புதைத்துவிட்டார்கள். விசாரணை மன்றமும் சாட்சியும் இன்றி ஒரு வீட்டின் கூடத்தில் நடந்த தீர்ப்பு அது.

நகைச்சுவையே கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. வாகனம் கேட்டு வந்த ஒருவரிடம், ஒட்டகத்தின் குட்டி ஒன்றைத் தருகிறேன் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். குட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தபோது, எந்த ஒட்டகந்தான் இன்னோர் ஒட்டகத்தின் குட்டியாக இல்லை என்று வினவினார்கள். கேட்டவரும் சிரித்திருப்பார், அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. விளையாட்டிலும் உண்மையன்றி உரைப்பதில்லை என்று கூறிய அதே திருவாய், மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனுக்குக் கேடுதான் என்று மும்முறை எச்சரித்ததையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஒருவன் தன் காதில் விழுந்ததையெல்லாம் சொல்லித் திரிவதே அவனைப் பொய்யனாக்கப் போதும் என்ற நபிமொழி, தேர்தல் மாதத்திற்கென்றே அருளப்பட்டதோ என்று தோன்றும்.

தமிழகத் தேர்தல் வரலாற்றில் சிரிப்புக்கும் வதந்திக்கும் பஞ்சமில்லை. 1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நோயுற்றுச் சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நவம்பரில் அமெரிக்காவின் புரூக்ளின் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டார். டிசம்பரில் தேர்தல். அவர் உயிருடனேயே இல்லை என்ற பேச்சு ஊருக்கு ஊர் நடந்தது. மருத்துவமனையில் அவர் உணவருந்துவதையும் பேசுவதையும் படமாக்கி, வீடியோவாகக் கிராமந்தோறும் கட்சியினர் திரையிட நேர்ந்தது. ஊருக்கே வராமல் ஆண்டிபட்டியில் அவர் வென்றார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து பதவியேற்றார். 1987 டிசம்பர் 24 வரை வாழ்ந்தார். உயிரோடிருந்த ஒரு மனிதரை மரித்தவராக்கிப் பேசிய நாவுகள் பிறகு யாரிடம் மன்னிப்புக் கேட்டன?

கேலியும் பொய்யும் ஒன்றல்ல என்பதையும் நாம் மறத்தலாகாது. 1987-ல் ஆனந்த விகடன் இதழ் தன் அட்டையில் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்து ஒரு நகைச்சுவைச் சித்திரம் வெளியிட்டது. எவரையும் பெயர் சொல்லிக் குறிக்காத, நகைச்சுவை என்று குழந்தையும் அறியக்கூடிய அதற்காக, ஆசிரியர் பாலசுப்பிரமணியன் அவர்களுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே, சில நாட்களுக்குள் விடுவித்தது. பின்னர் உயர் நீதிமன்றம் அவருக்கு அடையாளமாக ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. அச்சித்திரம் எவரையும் ஏமாற்றவில்லை. என் உப்பு விதைப்பு ஏமாற்றியது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

இக்காலத்துக் கைப்பேசியோ இந்த வேலையை ஒரு நொடியில் முடித்துவிடுகிறது. 2018 தீபாவளிக்கு வந்த ‘சர்கார்’ திரைப்படம், தம் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டால் 49பி என்ற விதியின்படி வாக்களிக்கலாம் என்பதைப் பலருக்கும் அறிவித்தது. அது உண்மை. 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் உள்ளதுதான். அதிகாரியின் கேள்விகளுக்குச் சரியாக விடை தந்தால் தனிச் சீட்டில் வாக்களிக்கலாம். அச்சீட்டு தனி உறையில் வைக்கப்படும். ஆனால் 2019 நாடாளுமன்றத் தேர்தலில் இந்த உண்மையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு பொய் புறப்பட்டது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதார் அட்டையைக் காட்டி, 49ஏ விதியைச் சொல்லி வாக்களித்துவிடலாம் என்றும், 49பி விதியின்படியான வாக்குகள் 14 விழுக்காட்டைத் தாண்டினால் மறுதேர்தல் என்றும் கைப்பேசிகளில் அது பரவியது. தேர்தல் ஆணையம் மறுத்தது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாக்கு. அச்செய்தியை நம்பி, பட்டியலைப் பார்க்காமல் இருந்துவிட்டு வாக்குச் சாவடி வாசல்வரை போய்த் திரும்பிய ஏழைப் பெண்மணியின் ஐந்தாண்டுகளை யார் திருப்பித் தருவார்? அதை அனுப்பியவர் நன்மை செய்வதாகவே நினைத்திருப்பார். ஆதலால் தாய்மார்களே, உங்கள் பெயரையும் வீட்டாரின் பெயரையும் பட்டியலில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். 2025 இறுதியில் தமிழகத்தில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்திற்குப் பிறகு இது இன்னும் அவசியம்.

தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின் வருந்தாதிருக்க வேண்டுமே என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் போதனை. செய்தியைக் கொண்டு வந்தவன் யார் என்பதை அது முதலில் பார்க்கச் சொல்கிறது. நாட்டின் சட்டமும் ஏறக்குறைய அதையே கேட்கிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி, தேர்தல் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும். ஒரு வேட்பாளரின் சொந்த நடத்தையைப் பற்றிப் பொய்யென அறிந்தே வேட்பாளரோ அவர் முகவரோ செய்தி பரப்பினால், 123-ஆம் பிரிவின்படி வெற்றியே செல்லாமல் போகலாம். ஆனால் ‘வந்தபடி அனுப்புகிறேன்’ என்று கைப்பேசியில் வருவதற்கு அச்சகமும் இல்லை, முகவரியும் இல்லை. அனுப்பியது நம் மைத்துனர் என்பதொன்றே அதற்கு முத்திரையாகி விடுகிறது.

மைத்துனர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அன்னை ஆயிஷா மீதான அவதூறைப் பேசியவர்களில் மிஸ்தஹ் என்பவரும் ஒருவர். அபூபக்கர் (ரலி) அவர்களின் ஏழை உறவினர். அவர்கள் தரும் பொருளில் வாழ்ந்தவர். இனி அவருக்கு எதுவும் தரேன் என்று அபூபக்கர் (ரலி) சத்தியம் செய்தார்கள். இறைவன் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பவில்லையா என்ற கருத்தில் வசனம் இறங்கவே, உதவியை மீண்டும் தொடர்ந்தார்கள். தேர்தல் முடிந்து இரண்டாண்டுகள் ஆகியும் ஒரு துண்டறிக்கைக்காகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பிகளை யான் அறிவேன்.

திருமணத்திலிருந்து திரும்பிய மறுநாள் அதே தேநீர்க் கடைக்குச் சென்றேன். உப்பு வாரும் முதியவர் ஒருவர், அன்று என் வேடிக்கைக்கு முதலில் சிரித்தவர், அங்கே இருந்தார். “அண்ணாச்சி, அந்த உப்பு விதைப்புக் கதை நான் இட்டுக்கட்டியது. அவர் அப்படி எதையும் கேட்கவில்லை” என்றேன்.

அவர் என்னை இரக்கத்துடன் பார்த்தார். “நீங்க சும்மா இருங்க பாய், உங்களுக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க. என் மச்சினன் அங்கேதானே நின்னான்” என்றார். தேநீரைக் குடித்து முடித்தார். என் தேநீருக்கும் அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார்.