ஆறு சிலிண்டர் – 9: ஸ்லோவைப் பிடித்திருக்கும் தோல்

வால்வைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்டின் மூக்கு தேய்ந்தால் என்னவாகும் என்று போன வாரம் பார்த்தோம். பென்ஸ் 312 லாரியின் பழைய கேமைக் கழற்றி வேறு போடுவதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

கேமுக்கு முன்னால் ஸ்லோவை, அதாவது மிதியைத் தொடாதபோது எஞ்சின் ஓடுகிற வேகத்தைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆசிரியர் இதற்குள் இரண்டு முறை போன் செய்துவிட்டார். பத்தி முடிந்தபாடில்லை.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையைவிட்டுச் சற்று உள்ளே தள்ளி ஒரு பட்டறை. பௌர்ணமி வந்தால் பாதையில் வண்டி விடமாட்டார்கள், பட்டறைக்கும் லீவு. அங்கே ஒரு பழைய 312 நிற்கிறது. டெல்கோ கம்பெனியும் டைம்லர்-பென்ஸும் 1954-இல் கைகோத்து ஜாம்ஷெட்பூரில் கட்டத் தொடங்கிய வம்சம் அது. 90 மில்லிமீட்டர் போர், 120 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், ஆறு சிலிண்டரும் சேர்த்துக் கிட்டத்தட்ட 4.6 லிட்டர். 1969-இல் ஒப்பந்தம் முடிந்து முகப்பிலிருந்த பென்ஸ் நட்சத்திரம் போய்விட்டது. நம்மூரில் அதற்கப்புறமும் அது பென்ஸ் லாரிதான்.

வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஸ்லோ மட்டும் நிற்கவில்லை. எஞ்சின் தானாக ரேஸ் ஆகிறது, இறங்குகிறது, அணையப் போகிறது, திரும்பவும் ஏறுகிறது. எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் "கேம் போச்சுணா" என்றார்கள். மேஸ்திரி மட்டும் டீசல் பம்பின் பின்பக்க மூடியைக் காட்டி, "கேமைத் தொடாதீங்க சார், மொதல்ல தோலைப் பாருங்க" என்றார்.

தோல்தான். ஐந்து டன் சரக்கை இழுக்கிற டீசல் எஞ்சினின் ஸ்லோ, எண்ணெயில் ஊறிய வட்டத் தோல் ஒன்றை நம்பி நிற்கிறது. எனக்கு இந்த வாரம் தூக்கம் கெட்டதே இதனால்தான்.

இந்த எஞ்சினில் ஆக்சிலேட்டரை மிதித்தால் அது பம்பிடம் போவதில்லை. காற்று உள்ளே வரும் வழியில் ஒரு வெஞ்சுரி, அதற்குள் திரும்புகிற ஒரு தகடு. மிதி அந்தத் தகட்டைத்தான் திருப்புகிறது. தகடு மூடியிருக்கும்போது எஞ்சின் காற்றை இழுக்க முடியாமல் திணறும், அந்த இடத்தில் வேக்குவம் கூடும். அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் பம்பின் பின்பக்க அறைக்குப் போகிறது. அறையின் நடுவே தோல் டயாஃப்ரம், அதன் மறுபக்கம் வெளிக்காற்று. வேக்குவம் தோலை இழுக்க, பம்பில் டீசல் அளவை நிர்ணயிக்கிற ரேக்கைத் தோல் இழுக்க, டீசல் குறையும். வேக்குவம் தளர்ந்தால் ஸ்பிரிங் ரேக்கை எதிர்ப்பக்கம் தள்ளும், டீசல் கூடும். ஸ்லோ என்பது இந்த இரண்டும் சமரசம் ஆகிற இடம். தகடு எவ்வளவுதான் மூடலாம் என்று தடுத்து நிறுத்துகிற ஸ்க்ரூவில் ஸ்லோவை வைப்பார்கள்.

தோலில் ஓட்டை விழுந்தால், அல்லது குழாயின் யூனியன் காற்று வாங்கினால், வேக்குவம் போய்ச் சேராது. ஸ்பிரிங் ஜெயித்துவிடும். ஸ்லோ ஏறும், ஆடும். குழாயே கழன்றுவிட்டால் எஞ்சின் அலறும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் தோல் காய்ந்து அப்பளமாகிவிடுகிறது. இதற்குப் போய்க் கேமைக் குற்றம் சொன்னால் கேம் என்ன செய்யும்?

சோதிப்பதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு, குழாயைக் கழற்றி, ரேக்கை ஸ்டாப் பக்கம் தள்ளி, பம்பு அறையின் யூனியன் வாயை விரலால் அடைத்து, பிறகு ரேக்கை விட வேண்டும். மெதுவாக ஊர்ந்து திரும்பினால் தோல் நல்லது. சட்டென்று திரும்பினால் தோல் போயாச்சு. மேஸ்திரி செய்து காட்டினார், சட்டென்று திரும்பியது. தோலுக்குப் பேர்போன வாணியம்பாடியும் ஆம்பூரும் இருக்கிற வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த ஒரு துண்டுக்கு அலைகிறார் வண்டிக்காரர்.

செம்பியத்தில் சிம்சன் கம்பெனி செய்த பெர்கின்ஸ் பி6-க்கும், வேக்குவத்தால் டீசலைக் கூட்டிக் குறைக்கிற இதே காற்றுக் கவர்னர்தான். ஃபார்கோ, டாட்ஜ் ஓட்டியவர்களுக்குத் தெரியும். அதில் கேமைச் சுற்றுவது கியர் அல்ல, மூன்று வரிசைச் சங்கிலி. அந்தச் சங்கிலிக்கே ஒரு அத்தியாயம் தனியாக வேண்டும்.

கேமுக்கும் தோலுக்கும் உறவே இல்லையா என்றால், இருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் இன்டேக் வால்வு திறந்துவிடுகிற சிறு நேரம் ஒன்று உண்டு. வேறு கேம் போட்டு அந்த நேரம் கூடினால், ஸ்லோவில் புகை பின்னோக்கி இன்டேக்குக்குள் நுழைந்து வேக்குவம் துடிக்கும். அப்படிக் கேம் மாற்றிய பழைய செவர்லே பெட்ரோல் எஞ்சினில் ஸ்லோ குலுங்குவது இதனால்தான். காற்றுக் கவர்னர் உள்ள டீசலில் அதே துடிப்பு தோலுக்கும் போகும். எடைக்குண்டு சுழன்று வேலை செய்கிற கவர்னருக்கு இந்தக் கவலை கிடையாது. ஆகவே கேம் மாற்ற நினைக்கிறவர் தன் வண்டியின் கவர்னர் எந்த ஜாதி என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜவ்வாது மலை ஏற்றத்தில் லோடோடு வண்டி அணைந்து, கியரில் இருந்தபடியே பின்னால் உருள்கிறது என்று வையுங்கள். எஞ்சின் தலைகீழாகச் சுற்றி அப்படியே ஸ்டார்ட் ஆகிவிடும்! டீசலுக்கு ஸ்பார்க் தேவையில்லையே. இப்போது புகை வருவது ஏர் கிளீனர் வழியாக, அதிலுள்ள எண்ணெயும் கூடவே. வெஞ்சுரியில் வேக்குவம் இருக்க வேண்டிய இடத்தில் அழுத்தம், ரேக் முழு டீசலுக்குப் போகும், கவர்னர் இருந்தும் இல்லை. ஆயில் பம்பும் தலைகீழாகச் சுற்றுவதால் பேரிங்குக்கு எண்ணெய் கிடையாது. பிரேக்கை அழுத்தி, டாப் கியர் போட்டு, கிளட்சை விட்டு அமுக்கி அணைக்க வேண்டும். இந்தத் தலைகீழ் ஓட்டத்தைத் தடுக்கவே சில டீசல் பம்புகளின் உள்ளே இருக்கும் கேமை ஒரு பக்கம் மட்டும் சரிவாக, பின்சுற்றில் டீசல் போகாதபடி செதுக்கியிருப்பார்கள். கேம் பற்றி எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா, இதுவும் கேம்தான் ஐயா.

எஞ்சின் கேம் அடுத்த வாரம். டைமிங் கியரின் புள்ளி பார்ப்பது, டேப்பட்டை எந்த வரிசையில் வெளியே எடுப்பது, புதுக் கேமுக்குப் பழைய டேப்பட் ஏன் ஆகாது, எல்லாம் அப்போது. 312 வைத்திருப்பவர்கள் அதற்குள் பன்னிரண்டு வால்வின் கேப்பையும் ஃபீலர் கேஜ் வைத்து அளந்து, ராக்கர் வாரியாகத் தாளில் குறித்து வையுங்கள்.