வெளிக் கம்பெனி கதவும் நனைந்த சீனி மூட்டையும்

நம் பகுதி மளிகைக் கடைக்காரர்கள் பலரிடம் இன்றும் ஆம்னி வேன் இருக்கிறது. 1984இல் மாருதி வேன் என்று வந்து, பின்னர் ஆம்னி என்று பெயர் பெற்ற இவ்வண்டியின் உற்பத்தி 2019இல் நின்றுவிட்டது. ஆனாலும் வாசுதேவநல்லூரிலிருந்து ராஜபாளையம், புளியங்குடி போய்ச் சரக்கெடுத்து வர அதுவே போதும் என்று வைத்திருக்கிறோம். எங்காவது இடித்துப் பின்கதவு நசுங்கினால், விலை குறைந்த வெளிக் கம்பெனிக் கதவை வாங்கி மாட்டுகிறோம். அது சரியாகப் பொருந்தாவிட்டால் மிச்சம் பிடித்த பணம் டிங்கர் கூலியில் போய்விடும். ஐப்பசி மழையில் இடுக்கு வழியே தண்ணீர் இறங்கி ஒரு சீனி மூட்டை நனைந்தால் நஷ்டக் கணக்கு தனி.

வெளிப் பாகம் என்றாலே போலி என்று சிலர் நினைக்கிறார்கள். ஒருவர் தன் பெயரைப் போட்டுக் கதவு செய்து விற்பது வியாபாரம். பெரிய கம்பெனியின் முத்திரையை ஒட்டி விற்பதுதான் மோசடி. மசாலா பாக்கெட் விற்கும் நமக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உதிரி பாகங்கள் வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போனது வேறு கதை.

பிறகு ஏன் பொருந்துவதில்லை? வெளியார் பலரிடம் அசல் அச்சு இருக்காது. ஒரு கதவைப் பார்த்து அளவெடுத்து அச்சு செய்கிறார்கள். இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி எடுத்தால் சற்றே திரும்பி விரியும். அந்த விரிவைக் கணக்கில் கொள்ளாவிட்டால் ஓரம் தூக்கிக்கொள்ளும். இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். அங்கே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளையே தேடிப்பிடித்து, 1988இல் அந்தக் காரின் முழு பாடியையும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. நம் ஆம்னிக்கு அப்படி யார் வரப்போகிறார்கள்! நாம்தான் பார்த்து வாங்க வேண்டும்.

குற்றம் எப்போதும் கதவின் மேல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இடிபட்ட வண்டியில் கதவு உட்காரும் சட்டமே கோணியிருக்கலாம். பின்பக்கத் திறப்பை மூலைக்கு மூலை குறுக்காக டேப் வைத்து அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் அசல் கதவு வாங்கினாலும் உட்காராது. முதலில் சட்டத்தை இழுத்து நேராக்க வேண்டும்.

புதுக் கதவைப் பழைய கதவின் பக்கத்தில் படுக்க வைத்து ஓட்டைகளையும் வளைவையும் ஒப்பிடுங்கள். பெயிண்ட் அடிக்கும் முன்பே ரப்பர் பீடிங்கோடு மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் இல்லாமல் சரியாக இருந்த கதவு, ரப்பர் போட்டதும் துருத்திக்கொண்டு நிற்கும். போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கி, கூரையிலுள்ள கீலை முதலில் சரிசெய்து, இருபுறமும் இடைவெளி சமமான பிறகே கீழ்ப் பூட்டுக்கு வர வேண்டும். தேவையான இடத்தில் வாஷர் கொடுக்கலாம். சுற்றிலும் செய்தித்தாள் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். சும்மா உருவிக்கொண்டு வரும் இடத்தில்தான் தண்ணீர் இறங்கும். அவசரப்பட்டு ஓட்டையைப் பெரிதாக்கினாலோ ஓரத்தை வெட்டினாலோ கடைக்காரர் கதவைத் திரும்ப எடுக்கமாட்டார். நாமும் எடுக்கமாட்டோம் அல்லவா? இடைவெளியைப் பட்டி வைத்து மறைக்கும் டிங்கரிடம் வண்டியை விடாதீர்கள். நம் சாலைக் குலுக்கலில் தடித்த பட்டி வெடித்து, உள்ளே துருப் பிடிக்கும்.

முழு இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். சாதாரண பாலிசியில் 5 முதல் 10 ஆண்டு வண்டியின் இரும்புப் பாகத்துக்கு 40 சதவீதமும், 10 ஆண்டுக்கு மேல் 50 சதவீதமும் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக்குக்கு எந்த வயதிலும் 50 சதவீதம். மீதியாவது கைக்கு வர வேண்டுமானால், சர்வேயர் வந்து பார்க்கும் வரை நசுங்கிய கதவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.