பேரரசர் தேர் இழுத்த சிறு குதிரை

ஈரான் தேசத்தின் வடபுறத்தில், எல்பர்ஸ் மலைத்தொடருக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையே பசுமை மாறாது நீண்டு கிடக்கும் நிலப்பகுதியில் ஆமோல் என்றொரு பழம்பதி இருக்கிறது. சிறுவர்களுக்குக் குதிரையேற்றம் பயிற்றிவந்த லூயிஸ் ஃபிரூஸ் என்னும் அமெரிக்க மாது, மதர்த்த பெரிய குதிரைகளின்மீது குழந்தைகளை ஏற்ற மனம் துணியாதவராய், அவர்கள் வயதுக்கு இசைந்த சிறு பிராணி அகப்படாதா என்று தேடிக்கொண்டு 1965-ஆம் ஆண்டில் அவ்வூரை அடைந்தபோது, கடைவீதியில் சுமைவண்டி இழுத்துச் சென்ற குதிரையொன்று அவர் கருத்தைக் கவர்ந்தது.

தோள்மட்டத்தில் 4 அடியைத் தாண்டாத அதனைச் சாதாரண மட்டக்குதிரை என்று பிறர் கழித்துவிட்டிருக்கலாம். ஆனால் மட்டக்குதிரைக்கு உரிய தடித்த காலும் பருத்த உடலும் அதற்கு இல்லை. மெலிந்து நீண்ட கால்கள், புடைத்த நெற்றி, அகன்ற கண்கள், குறுஞ்செவிகள், வட்டமாக அன்றி முட்டை வடிவில் ஒடுங்கி, லாடமின்றியே கல்தரையைத் தாங்கவல்ல கடினமான குளம்புகள் ஆகிய இந்த லக்ஷணங்கள் யாவும், உயர்ஜாதிக் குதிரையொன்றின் அங்க அமைப்பே சிற்றுருவில் அமைந்துவிட்டதைக் காட்டின. பெரிய குதிரைகளோடு நடையிலும் பெருநடையிலும் ஈடுகொடுக்கும் இவ்வினத்தில், ஆண் குதிரையைக்கூடச் சிறு பிள்ளைகள் அச்சமின்றி ஏறி நடத்தலாம் என்பது அதன் சாந்த சுபாவத்துக்குச் சான்று.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் தாரியஸ் சக்கரவர்த்தியின் பெயர் பொறித்த உருளை முத்திரை ஒன்று உள்ளது. தேரில் நின்று சிங்கத்தின்மீது அம்பெய்யும் மன்னனுக்கு முன்னே பூட்டப்பட்டிருப்பவை, மனித உருவத்தோடு ஒப்பிட மிகச் சிறியவையாகத் தோன்றும் குதிரைகள். அவ்விதச் சிறு குதிரைகள் ஏழாம் நூற்றாண்டுக்குப் பின் சரித்திரத்தினின்றே மறைந்துவிட்டன என்று அறிஞர் நம்பியிருக்க, ஆமோல் கடைவீதியில் பாரம் சுமந்துகொண்டிருந்தது அவற்றின் சந்ததியே என்று ஃபிரூஸ் கருதினார். காஸ்பியன் கரையோரம் முழுதும் தேடியும் ஏறக்குறைய 50 குதிரைகளே தேறின. அவற்றுள் 7 பெண்ணையும் 6 ஆணையும் கொண்டு அவர் வம்சவிருத்தி தொடங்கினார். 1971 முதல் சில ஆண்டுகளில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட குதிரைகள், பின்னர் ஈரானில் புரட்சியும் யுத்தமும் அடுத்தடுத்து மூண்ட காலத்தில், இனம் அற்றுப்போகாமல் இருக்கப் பெருந்துணையாயின.

அரச மரியாதையை இழந்ததே இக்குதிரையை வாழவைத்தது என்பது என் துணிபு. லாயத்தில் வைத்துப் போற்றப்பட்டிருந்தால், காலத்துக்குக் காலம் மாறும் பிரபுக்களின் விருப்பப்படி அயல் இனங்களோடு கலந்து தன் உருவத்தையே அது இழந்திருக்கும். புகழ் மட்டும் ஓர் இனத்தைக் காத்துவிடாது என்பதற்குத் துருக்மேனியாவின் அகால்-தெக்கே குதிரையே சான்று. அது ரோமத்தின் உட்புறம் மெலிந்து வெளிப்பாகம் ஒளியை வளைத்துச் சிதறச் செய்வதால் உலோகம்போல் மின்னுவது. 1935-இல் அஷ்காபாத்திலிருந்து மாஸ்கோவரை, இடையே காராகும் பாலைவனத்தையும் கடந்து, 84 நாளில் ஓடி முடித்த பெருமை உடையது. அத்தகைய புகழும் அதன் தொகை அருகுவதைத் தடுக்கவில்லை.

நம் தேசத்திலும் இதற்கு ஒப்பான நிலையில் உள்ளது மணிப்பூர் மட்டக்குதிரை. போலோ விளையாட்டை ஆங்கிலேயர் கற்றது மணிப்பூர் மக்களிடம். 1859-இல் சில்சாரில் ஆங்கிலேயர் கழகம் நிறுவியதும் அந்த ஆட்டத்துக்காகவே. அந்த ஆட்டத்தின் அடிப்படையாகிய குதிரை இன்று, இம்பாலின் லாம்பெல்பாட் போன்ற சதுப்பு மேய்ச்சல் நிலங்கள் கட்டடங்களால் சுருங்கிவிட, தெருவோரங்களில் இரைதேடி அலைகிறது. வளர்ப்பவனுக்கு மானியம் கொடுப்பதோடு கடமை முடிந்ததென்று அரசாங்கம் எண்ணிவிடாமல், மிஞ்சியிருக்கும் மேய்ச்சல் நிலத்தையேனும் அக்குதிரைகளுக்கென்று சட்டபூர்வமாக ஒதுக்கி வைக்க வேண்டும்.