முதற்படமும் வழிப்படமும்: ஆசியத் திரைக்கதைகள் ஹாலிவுட்டில் எய்திய மாற்றம்

ஒரு நாட்டிற் பிறந்த கதை பிறிதொரு நாட்டிற் குடியேறி வாழ்தல் இலக்கிய வரலாற்றிற் புதிதன்று. காப்பியங்களும் நாடகங்களும் பண்டு அவ்வாறு சென்றன. நம் காலத்தில் திரைப்படங்கள் செல்கின்றன. ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் ஆக்கப்பெற்ற படங்கள் சிலவற்றை அமெரிக்க ஹாலிவுட்டார் தம் மொழியில், தம் நடிகரைக் கொண்டு மீண்டும் ஆக்கியுள்ளனர். இவற்றை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் எது சிறந்தது என்னும் வினாவோடு தொடங்கி, முதலிற் பிறந்ததே சிறந்தது என்று முடித்துவிடுகின்றனர். அம்முடிவு எளிதாயினும் பயன் மிகத் தருவதன்று. கதை பெயரும்போது எது உடன்வருகின்றது, எது பின்தங்கிவிடுகின்றது என்பதே ஆராயத்தக்கது என நாம் கருதுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்குத் தமிழிலக்கணம் இரண்டு கருவிகளை உதவுகின்றது. ஒன்று, முதனூல், வழிநூல் என்னும் பாகுபாடு. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வழிநூலை நால்வகையாகத் தொல்காப்பியம் பகுக்கின்றது. மற்றொன்று, முதல், கரு, உரி என்னும் முப்பொருட் பாகுபாடு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மக்களும் தொழிலும் உணவும் பிறவும் கருப்பொருள். அவற்றிடையே நிகழும் மனவொழுக்கம் உரிப்பொருள். உரிப்பொருள் நிற்க, ஏனைய இரண்டும் இடம்பெயர்தல் கூடும் என்னும் கருத்தும் அங்கு உண்டு. அகப்பாட்டிற்கு அமைந்த இவ்விலக்கணத்தைத் திரைப்படத்தின்மேல் அப்படியே ஏற்றுதல் நம் நோக்கமன்று. அளவுகோலாக மட்டுமே ஈண்டுக் கொள்கின்றோம். ஹாலிவுட்டார் கொண்ட நம்பிக்கையும் ஏறத்தாழ இதுவே. நிலத்தையும் மக்களையும் மாற்றிவிட்டு, கதையின் உயிரை மட்டும் எடுத்துச் செல்லலாம் என்பர். அஃது எவ்வளவிற்கு உண்மை என்பதை மூன்று இணைகளின் முடிவுப் பகுதிகளைக் கொண்டு காண்போம்.

1. ஏழு சாமுராய்கள்

அகிரா குரோசவா இயக்கிய 'ஏழு சாமுராய்கள்' 1954-இல் வெளிவந்தது. 207 நிமிடம் ஓடுவது. கதை நிகழுங் காலம் 1586. கொள்ளையர் நாற்பதின்மர்க்கு அஞ்சிய உழவர், ஊர் முதியவரின் அறிவுரைப்படி, பசித்திருக்கும் சாமுராய்களைத் தேடிச் செல்கின்றனர். மறவர்க்கு அவர்கள் தரும் கூலி அரிசிச் சோறு ஒன்றே. அச்சோற்றைப் பிறர்க்கு அளித்துவிட்டு உழவர் தாம் தினையுண்டு வாழ்கின்றனர் என்பதை அறிந்த பின்னரே தலைவராகிய காம்பே இசைகின்றார்.

ஜான் ஸ்டர்ஜஸ் இயக்கிய 'தி மேக்னிபிசென்ட் செவன்' 1960-இல் வந்தது. 128 நிமிடத்திற் கதையை முடிப்பது. இப்பெயரின் வரலாறும் அறியத்தக்கது. ஜப்பானியப் படமே 1956-இல் அமெரிக்காவில் நீளங் குறைக்கப்பெற்று இப்பெயரால் திரையிடப்பட்டது. பின்னர் இப்பெயர் வழிப்படத்திற்கே உரியதாயிற்று. கதைக்களம் மெக்சிகோச் சிற்றூராகவும், வாள் துப்பாக்கியாகவும், சோறு ஆறு வாரத்திற்கு இருபது டாலராகவும் மாறின. அளவு நோக்கின் இது தொகுத்தல். களமும் மொழியும் நோக்கின் மொழிபெயர்ப்பு.

இனி முடிவைக் காண்போம். இரு படங்களிலும் எழுவருள் நால்வர் இறக்கின்றனர்; மூவர் எஞ்சுகின்றனர். இரண்டிலும் வென்றவர் உழவரே, போராடிய நாமல்லோம் என்னும் கருத்தைத் தலைவன் கூறுகின்றான். சொல் ஒன்றே, பொருள் ஒன்றன்று. முதற்படத்தில், இளைஞன் காட்சுஷிரோவிடம் அன்பு கொண்ட உழவர்மகள் ஷினோ இறுதியில் அவனைக் கடந்து சென்று நாற்று நடுவாரோடு சேர்ந்துகொள்கின்றாள். அவனோ மேட்டின்மேல் இருக்கும் நான்கு புதைகுழிகளின் அருகே நின்றுவிடுகின்றான். வழிப்படத்திலோ இளைஞன் சிக்கோ துப்பாக்கிக் கச்சையைக் கழற்றி வைத்துவிட்டு, தான் விரும்பிய பெத்ராவோடு அவ்வூரிலேயே தங்கிவிடுகின்றான். எஞ்சிய மூவருள் ஒருவன் வென்றவர் பக்கம் சேர்ந்துவிட்டமையின், தலைவன் கூறும் தோல்வி மொழி தன் கடுமையை இழந்துவிடுகின்றது.

இம்மாற்றத்தின் காரணம் இயக்குநரின் மென்மனம் மட்டுமன்று. கருப்பொருள் வேறுபாடே முதற்காரணம். சாமுராய் என்பது ஒரு குலநிலை. கதை நிகழுங் காலத்திற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1588-இல், ஹிதேயோஷி உழவரிடமிருந்து படைக்கலங்களைப் பறிக்கும் ஆணையைப் பிறப்பித்தார். வாள் ஏந்துவார்க்கும் ஏர் பிடிப்பார்க்கும் இடையே எழவிருந்த அச்சுவரின் நிழல் படம் முழுதும் படிந்துள்ளது. அமெரிக்க மேற்குப்புறக் கதையிலே துப்பாக்கி வீரன் என்பது குலமன்று, தொழில். எடுத்தவன் கீழே வைக்கலாம். ஆதலின் சிக்கோவால் ஊருக்குத் திரும்ப முடிந்தது, காட்சுஷிரோவால் முடியவில்லை.

இதனினும் நுண்ணியது குற்றவுணர்வு பற்றிய வேறுபாடு. முதற்படத்தில், தோற்றோடிய சாமுராய்களைக் கொன்று உழவர் கவர்ந்த கவசங்கள் அவ்வூரில் மறைத்து வைக்கப்பட்டிருப்பது வெளிப்படுகின்றது. மறவர் வெகுள்கின்றனர். அப்போது கிக்குச்சியோ, உழவன் கரவன், பொய்யன் என்று தானும் பழித்து, அவனை அவ்வாறு ஆக்கியவர் யார், ஊரை எரித்தும் பெண்டிரைக் கவர்ந்தும் திரிந்த நீங்களல்லீரோ என்று முழங்குகின்றான். அவன் உழவர் குடியிற் பிறந்து சாமுராயாக வேடமிட்டவன் என்பது அப்போது நமக்குப் புலனாகின்றது. காப்பவனும் கவர்பவனும் ஒரே வகுப்பினன் என்னும் இவ்வுண்மையே படத்தின் நடுநரம்பு. வழிப்படத்தில் இதற்கு ஈடாக நிற்பது ஓரைலி, தம் தந்தையரைக் கோழையர் என்ற சிறுவர்களைக் கண்டிக்கும் காட்சி. குடும்பப் பொறுப்பைச் சுமப்பவனே வீரன் என்று அவன் கூறுவது உயர்ந்த கருத்தே. ஆயின் அஃது உழவரைப் போற்றுகின்றதேயன்றி, காக்க வந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. கிக்குச்சியோவையும் காட்சுஷிரோவையும் ஒருவராக்கிச் சிக்கோவைப் படைத்த போழ்தே அக்குற்றச்சாட்டு வலியிழந்துவிட்டது.

வழிப்படத்திற்கே உரிய ஆக்கமும் உண்டு. முதற்படத்துக் கொள்ளையர் பெரிதும் முகமற்ற கூட்டம். வழிப்படத்துக் கல்வேராவோ பேசும் மனிதன். தன் ஆட்களுக்கு உணவு தேடவேண்டிய கடமை தனக்கும் உண்டென்கின்றான். விடுவிக்கப்பெற்ற பின்னும் இவ்வெழுவர் ஏன் திரும்பி வந்தனர் என்பது அவனுக்கு இறக்கும்போதும் விளங்கவில்லை. மேலும், ஜான் போர்டின் படங்களைப் பெரிதும் மதித்தவர் குரோசவா. ஆதலின் அமெரிக்காவிலிருந்து சென்றதன் ஒரு கூறே அமெரிக்காவிற்கு மீண்டது எனலும் பொருந்தும்.

2. வளையம்

ஹிதேயோ நகாதா இயக்கிய 'ரிங்கு' 1998-இல் வெளிவந்தது; 1991-இல் கோஜி சுசுகி எழுதிய புதினத்தைத் தழுவியது. ஒரு வீடியோ நாடாவைக் கண்டோர் ஏழாம் நாள் இறப்பர். படியெடுத்துப் பிறர்க்குக் காட்டியவர் பிழைப்பர் என்பது கதையின் முடிச்சு. கோர் வெர்பின்ஸ்கி இயக்கிய 'தி ரிங்' 2002-இல் வந்தது. இஜு ஓஷிமாத் தீவும் எரிமலையும், அமெரிக்க வாஷிங்டன் மாநிலக் கடற்புறத்தில் குதிரை வளர்க்கும் கற்பனைத் தீவாயின. சடாக்கோ சமாராவானாள். சடாக்கோவைக் கிணற்றில் தள்ளுபவன் தாயோடு வாழ்ந்த ஆராய்ச்சியாளன். சமாராவைத் தள்ளுபவள் வளர்த்த தாய். ஜப்பானியக் கதைக்குப் பின்னால், 1910-இல் அந்நாட்டில் நிகழ்ந்த தொலைக்காட்சித் திறன் ஆய்வுகளின் நினைவும், அவற்றிற்கு உட்பட்ட பெண்ணொருத்தி அடுத்த ஆண்டில் உயிர்நீத்த நினைவும் உள்ளன. தொலைக்காட்சி என்றது ஈண்டுக் கருவியை அன்று. மறைந்ததை மனத்தாற் காணும் ஆற்றலை. அமெரிக்கப் படத்திற்கு அவ்வேர் இல்லை.

முடிவு நோக்குவோம். நாடாவைக் கண்டுவிட்ட மகனைக் காக்கவேண்டிய தாய் ரெய்க்கோ, தன் தந்தையைத் தொலைபேசியில் அழைத்து, பேரனுக்காக ஓர் உதவி வேண்டும் என்கின்றாள்; கருமேகம் சூழ்ந்த சாலையிற் காரைச் செலுத்திச் செல்கின்றாள். பேரனுக்கு ஈடாகப் பாட்டன் என்பது சொல்லாமற் சொல்லப்படுகின்றது. வழிப்படத்திலே தாய் ரேச்சல், மகனின் கையைப் பிடித்துப் படியெடுக்கச் செய்கின்றாள். இதனைக் காண்பவர்க்கு என்ன நேரும் என்று சிறுவன் வினவுகின்றான். தாய் விடை கூறவில்லை.

முதற்படத்தின் அச்சம் குடும்பத்திற்கு உள்ளே நிகழ்வது. தலைமுறைகளைப் பிணிக்கும் கடமையே கொலைக்கருவியாகின்றது. மறுக்கமாட்டார் என்று மகள் அறிந்தமையாலேயே தந்தை தெரிந்தெடுக்கப்படுகின்றார். வழிப்படத்திற் பலியாவார்க்குப் பெயரில்லை. அயலார் எவராகவும் இருக்கலாம். அரங்கில் அமர்ந்து காணும் நாமாகவும் இருக்கலாம். கதை ஒன்றே, முன்னதன் உரிப்பொருள் குருதியுறவின் கொடுமை, பின்னதன் உரிப்பொருள் அயலார்பால் நாம் கொண்ட அலட்சியம். பின்னதனைக் குறையெனல் நேர்மையன்று. அது வேறொரு சமுதாயத்தின் அச்சம்.

3. இடையறா நரகு

ஆண்ட்ரூ லாவ், ஆலன் மாக் இருவரும் இயக்கிய ஹாங்காங் படம் 2002-இல் வெளிவந்தது. 'இன்பெர்னல் அபேர்ஸ்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். சீனப்பெயர் இடையீடில்லாத நெறி எனப் பொருள்படும். பௌத்தர் கூறும் நரகங்களுட் கொடியதும் துன்பம் இடையறாததுமாகிய அவீசியை அது சுட்டுகின்றது. கொள்ளைக் கூட்டத்தில் ஒளிந்து வாழும் காவலன் ஒருவன். காவல்துறையில் ஒளிந்து வாழும் கூட்டத்தான் ஒருவன். இதனை மார்ட்டின் ஸ்கார்செஸி 2006-இல் 'தி டிபார்ட்டெட்' என ஆக்கினார். களம் பாஸ்டன் நகரத்து ஐரிஷ் அமெரிக்கர் வாழ்வாயிற்று. 101 நிமிடப் படம் 151 நிமிடமாய் நீண்டது, இது விரித்தல். எனினும், முதற்படத்தில் வரும் மனநோய் மருத்துவரும் கூட்டத்தானின் காதலியும் வழிப்படத்தில் ஒரே பெண்ணாயினர். அவ்வளவிற்குத் தொகுத்தலும் உண்டு. எனவே தொகைவிரி என்க.

முதற்படத்தில், காவல்துறையில் ஒளிந்திருக்கும் லாவ் நல்லவனாக வாழ விரும்புகின்றான். தன் தலைவனைத் தானே கொல்கின்றான். அவன் காதலி எழுதும் புதினத்தின் நாயகன் பல உருக்கொண்டவன். அவன் நல்லவனா தீயவனா என்று அவளாலேயே துணிய முடியவில்லை. இறுதியில் உண்மைக் காவலன் மின்தூக்கியில் சுடப்பட்டு இறக்கின்றான். லாவ் பிடிபடாமல் வாழ்கின்றான். அவ்வாழ்வே அவனுக்கு வாய்த்த நரகம். வழிப்படத்துச் சல்லிவன் நன்மையை நாடுபவனல்லன். தலைவன் அரசுக்கு உளவு சொல்பவன் என்று அறிந்தமையாலேயே அவனைக் கொல்கின்றான். முடிவில், காவற்பணியை விட்டு நீங்கிய ஒருவனால் தன் வீட்டு வாயிலிலேயே சுடப்பட்டு மடிகின்றான். எலியொன்று சாளரத்திற்கு வெளியே ஊர்ந்து செல்ல, பின்னே மாநில அரசு மாளிகையின் குவிமாடம் தெரிகின்றது. வாழ்வே தண்டனை என்னும் பௌத்தக் கருத்து, பாவத்தின் கூலி சாவு என்னும் கருத்தாக மாறிவிட்டது.

இதனை அமெரிக்கரின் பொறுமையின்மை என்று தள்ளுதற்கு முன் ஒன்று நோக்கவேண்டும். சீனப் பெருநிலப்பகுதியில் வெளியிடுதற்கென அதே ஹாங்காங் இயக்குநர் வேறொரு முடிவும் படமாக்கினர். அதில் மின்தூக்கியினின்று வெளிவரும் லாவ் கைது செய்யப்படுகின்றான். மொழி மாறவில்லை, நடிகரும் மாறவில்லை, அரசியல் எல்லை ஒன்றைக் கடந்த அளவிலேயே முடிவு மாறிற்று. குற்றவாளி தண்டனையின்றி வாழ்தலை ஓரிடத்துச் சட்டமும் மற்றோரிடத்துத் துப்பாக்கியும் பொறுத்துக்கொள்ளவில்லை. தண்டனையின்மையே தண்டனை என்னும் நுட்பம் இரண்டு இடத்தும் மறைந்தது.

4. முடிவுரை

மேற்கண்ட மூன்று இணைகளாலும் ஒன்று பெறப்படும். நிகழ்ச்சிக் கோவை எளிதிற் பெயர்கின்றது. சில உரையாடல்களும் அப்படியே பெயர்கின்றன. ஆயின் நிலமும் கருவும் மாறியபோது உரிப்பொருளும் தானே மாறிவிடுகின்றது. குலம் தொழிலாக மாறியபோது பிரிவு கூடலாயிற்று. குடும்பம் சுருங்கியபோது பலி அயலார்மேற் சென்றது. நரகம் மறைந்தபோது சாவு வந்தது. கதையின் உயிர் என நாம் கருதுவது, அதன் நிகழ்ச்சிகளில் இல்லை. அந்நிகழ்ச்சிகட்கு ஒரு சமுதாயம் விதித்த விலையில் உள்ளது. ஒப்பியல் மாணவர் இரு படங்களின் நிகழ்ச்சிகளை நிரல்பட எழுதுவதோடு நில்லாது, ஒவ்வொன்றின் இறுதியிலும் யார் விலை கொடுக்கின்றனர் என்று வினவுவாராயின் இவ்வேறுபாடு புலனாகும்.

இத்துணை மாற்றம் எய்திய வழிப்படம் தன் முதற்படத்திற்குக் கடன்பட்டதன்றோ எனின், கடன்பட்டதே. 2007-இல் 'தி டிபார்ட்டெட்' ஆஸ்கார் விருதுகள் நான்கு பெற்றது. தழுவிய திரைக்கதைக்குரிய விருதும் அவற்றுள் ஒன்று. அவ்விழாவிலே ஹாங்காங் முதற்படத்தை ஜப்பானியப் படம் என அறிவித்தனர். ஒரு சிறு பிழையே எனலாம். ஆயினும் நூலுக்குப் பாயிரம் உரைக்கும்போது ஆக்கியோன் பெயரோடு நூல் வந்த வழியும் கூறப்படல் வேண்டும் என்று நம் இலக்கணிகள் விதித்தது, இத்தகைய மறதிக்கு அஞ்சியே போலும். வழிநூல் செய்தவன் வேறுபடுத்தற்கு உரிமை உடையவன். வழியை மறத்தற்கு அவனுக்கும் உரிமையில்லை. அதனைக் கண்டு மகிழும் நமக்கும் இல்லை.