யார் கையில் கேமரா?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவியர் கையெழுத்து இதழ் ஒன்று தயாரித்தனர். ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். மேலே ஒட்டுவதற்கான படத்தை என் கைப்பேசியில் அவர்களே செல்ஃபியாக எடுத்துக்கொண்டனர். ஒரு மாணவி மட்டும் தயங்கி, “டீச்சர், வெள்ளையாக்கிக் குடுங்க” என்றாள். நானும் யோசிக்காமல் ஃபில்டரைப் போட்டு அச்செடுத்துக் கொடுத்தேன். இதழைப் பார்த்த அவள் தங்கை, “இது யாருக்கா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னைத்தான் சுட்டது.

அதுவரை, பெண் பிள்ளைகள் செல்ஃபி எடுத்தால் ‘அலங்கார மோகம்’ என்று கடிந்துகொள்பவள் நான். இது பழைய வழக்கம்தான். பெண்ணின் கையில் கண்ணாடியைக் கொடுத்து வரைந்துவிட்டு, அந்தப் படத்துக்கு ‘வீண்பெருமை’ என்று பெயரிட்ட ஐரோப்பிய ஓவியர்களை, ஜான் பெர்ஜர் என்ற கலை விமர்சகர் 1972-இல் கேள்வி கேட்டார். பார்ப்பவர் ஆண், பார்க்கப்படுபவள் பெண் என்ற அந்த ஏற்பாட்டைப் பெண்களே மாற்றியதும் உண்டு.

ஆண்ட்வெர்ப் நகரின் கேத்தரினா வான் ஹெமெசன் 1548-இல், தூரிகை பிடித்து ஓவியம் தீட்டும் நிலையில் தன்னையே வரைந்தார். தன்னைத் தானே வரைந்ததையும் தன் வயது 20 என்பதையும் படத்திலேயே எழுதிவைத்தார். மெக்சிகோவின் ஃபிரீடா காலோ 1925-இல், 18 வயதில், பேருந்து விபத்தில் முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். கட்டிலுக்கு மேலே கண்ணாடி பொருத்தித் தரப்பட்டது. அதில் தன்னைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். சேர்ந்திருந்த புருவங்களையும் மேலுதட்டின் மெல்லிய மயிரையும் அவர் மறைக்கவில்லை. 1944-இல் வரைந்த ‘உடைந்த தூண்’ ஓவியத்தில் உடலைத் தாங்கும் கச்சையையும் கண்ணீரையும்கூடக் காட்டினார்.

‘நான் எப்படித் தெரிய வேண்டும் என்பதை நானே முடிவு செய்கிறேன்’ என்பதே இப்படங்களின் செய்தி. செல்ஃபியைப் பெண்ணியப் பார்வையில் ஆராய்வோர் பலரும் இதையே சுட்டுகின்றனர். ஆனால் கேமரா தன் கையில் இருந்தால் மட்டும் போதாது. நிறத்தை வெளுக்கவும் மூக்கைக் கூராக்கவும் ஃபில்டர் முடிவு செய்தால், அது மீண்டும் பிறர் வரைந்த முகமே. அன்று அந்த முடிவுக்கு விரல் கொடுத்தவள் நான்.

அடுத்த வாரம் ஒரு பாடவேளையில் சிறு கண்ணாடிகளைக் கொடுத்து, அவரவர் முகத்தை வரையச் சொன்னேன். “உங்களுக்குப் பிடித்த ஒன்றையும், யாரிடமிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள்” என்றேன். மாணவர்களும் உற்சாகமாக வரைந்தனர். அந்த மாணவி, “என் மூக்கு அப்பத்தா மூக்கு” என்று எழுதினாள். இதழில் பழைய படத்தின் மேல் புதியதை ஒட்டலாமா என்று கேட்டேன். “ரெண்டும் இருக்கட்டும் டீச்சர்” என்றாள். இருக்கிறது.

ஆசிரிய நண்பர்களே, இப்பயிற்சிக்குக் கைப்பேசி தேவையில்லை. செல்ஃபி பற்றிப் பேசும்போது பாதுகாப்பையும் சேர்த்தே பேசுவோம். மாணவியரின் படங்களை நாம் சமூக ஊடகங்களில் பகிர வேண்டாம். எவரேனும் படத்தைத் தவறாகப் பயன்படுத்தி மிரட்டினால், குற்றம் மிரட்டுபவருடையது, படம் எடுத்தவளுடையது அல்ல என்பதை முதலில் சொல்வோம். 1098 என்ற உதவி எண்ணையும் சொல்லித் தருவோம். ‘ஏன் எடுத்தாய்?’ என்று முதலில் கேட்டுவிட்டால், அடுத்த முறை அவள் நம்மிடம் வரமாட்டாள்.