மாத்திரையும் அதன் பெயரும்

மாத்திரை என்றவுடன் தமிழாசிரியர்க்கு இலக்கணமே முதலில் நினைவுக்கு வரும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என ஒலியின் கால அளவைக் குறிக்கும் சொல் அது. வடமொழி வழிவந்த அச்சொல்லின் பொருள் 'அளவு' என்பதே. அளந்து தரும் மருந்துக்கும் அதே பெயர் வாய்த்தது இயல்பு. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது இரண்டாம் வகை நீரிழிவுக்குரிய மாத்திரையையும், அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயரையும்.

சிங்கப்பூர் 2016ஆம் ஆண்டில் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. சீனரைவிட இந்தியரிடையேயும் மலாய்க்காரரிடையேயும் இந்நோய் மிகுதி. மெட்ஃபார்மின் பெட்டி உள்ள தமிழ் இல்லங்கள் இங்குப் பல. அப்பெட்டியை முழுமையாகப் படிப்போர் மட்டும் குறைவு.

பெயரைப் பகுத்துப் படிப்பது எப்படி என்பதற்கு நம் ஊர்ப்பெயர் ஒன்றையே காட்டலாம். மலாயில் 'தஞ்சோங்' என்பது கடல்முனை. 'பகார்' என்பது வேலி. இன்றைய தஞ்சோங் பகாரில் வானுயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கிடையே முனையையும் காணோம், வேலியையும் காணோம். எனினும் உறுப்புகளை அறிந்தவர்க்கு அப்பெயர் பழைய நிலத்தைச் சொல்லிவிடுகிறது. மருந்தின் பெயரும் அவ்வாறே பகுக்கத்தக்கது.

ஒவ்வொரு மருந்துக்கும் இரு பெயர்கள் உண்டு. ஒன்று நிறுவனம் இடும் வணிகப் பெயர். மற்றொன்று எந்நாட்டிலும் பெரும்பாலும் மாறாத பொதுப்பெயர். வணிகப் பெயரை நம்பிப் பொருள் கொள்ள இயலாது. மெட்ஃபார்மினுக்குரிய பழைய வணிகப் பெயரான 'குளுக்கோஃபாஜ்' என்பதற்குச் 'சர்க்கரையை உண்பது' என்று பொருள். மெட்ஃபார்மின் சர்க்கரையை உண்பதில்லை. கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையைச் செய்து இரத்தத்தில் விடுவதைக் குறைக்கிறது. உடல் தன் இன்சுலினை நன்கு பயன்படுத்தவும் துணைசெய்கிறது. அழகான பெயர், தவறான விளக்கம்.

பொதுப்பெயர்களை உலகச் சுகாதார நிறுவனம் ஒழுங்குபடுத்தி வருகிறது. ஓரினத்து மருந்துகளுக்கு ஒரே பெயருறுப்பு என்பது அதன் நெறி. மெட்ஃபார்மினில் 'ஃபார்மின்' என்பது இனத்தைக் காட்டும் பின்னொட்டு. சிட்டாகிளிப்டின், லினாகிளிப்டின் என முடிவன வேறோரினம். உணவுக்குப் பின் இன்சுலினைத் தூண்டும் குடல் இயக்குநீர் விரைவில் சிதையாமல் அவை காக்கின்றன. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்பன சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவன.

கிளிபிசைட், கிளிக்கிளசைட், கிளிமெபிரைட் ஆகியவற்றைச் சற்று நின்று நோக்க வேண்டும். தமிழ்ச் சொல்லின் முதலில் தனிமெய் வாராது. ஆதலால் இப்பெயர்களைத் தமிழில் எழுதும்போது தலையில் ஒரு கிளி வந்து அமர்ந்துகொள்கிறது. மாணவர் மறவாதிருக்க இது நல்ல வழி. இவ்வின மருந்துகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வன. மாத்திரையை விழுங்கிவிட்டு உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றும். மெட்ஃபார்மின் தனியே உட்கொள்ளப்படும்போது இவ்வாறு நேர்வது அரிது. கிளிப்டினிலும் கிளி உண்டே எனலாம்; அங்கு அது பின்னொட்டில் அடங்கியது. உறுப்பு நிற்கும் இடமும் பொருள் தரும் என்பதை இலக்கணம் கற்றவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

இப்பகுப்பு ஏட்டளவில் நிற்பதன்று. சிங்கப்பூர் மருத்துவர் எழுதித் தந்த மெட்ஃபார்மின் 850 மில்லிகிராமை நாளுக்கு இருமுறை உட்கொள்ளும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தமிழகம் சென்று திரும்புகையில் உறவினர் பரிந்துரைத்த 'கிளைக்கோமெட் ஜிபி' என்னும் மாத்திரையை வாங்கி வருகிறார். பெட்டியின் நிறம் வேறு, பெயர் வேறு; எனவே மருந்தும் வேறு எனக் கருதி இரண்டையும் உட்கொள்கிறார். பெட்டியில் சிறிய எழுத்தில் இருப்பதோ மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும். முன்னது 500 மில்லிகிராம் எனில், அதையும் இருமுறை உட்கொண்டால் 1700 உடன் 1000 சேர்ந்து 2700 ஆகிறது. பெரியவர்க்கு ஒரு நாளின் உச்ச அளவாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது 2550. அவர் அறியாமலே ஒரு கிளியும் உள்ளே புகுந்துவிட்டது. அவருடைய சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இடர் இன்னும் பெரிது. மெட்ஃபார்மின் உடலைவிட்டு நீங்குவது சிறுநீரகத்தின் வழியே. ஆகவே புதிய பெட்டி எதுவாயினும் பழைய பெட்டியையும் உடன்கொண்டு சென்று மருந்தாளரிடம் காட்டுவதே தக்கது.

'உணவுடன்' என்னும் குறிப்பைப் பலர் 'உணவுக்குப் பின் எப்போதேனும்' என்று பொருள்கொள்கின்றனர். உணவோடு சேர்த்தோ உண்டு முடித்த உடனேயோ உட்கொள்வது என்பதே கருத்து. குமட்டலும் வயிற்றுப்போக்கும் அதனால் குறையும். பெயரின் இறுதியில் 'எக்ஸ்ஆர்' என்றிருப்பின் மருந்து மெல்ல மெல்ல வெளிப்படும் என்பது பொருள். அதனை உடைக்கவோ மெல்லவோ கூடாது. உடைத்தால் ஒரு நாளைக்குரிய மருந்து ஒரே வேளையில் இறங்கிவிடும். சிலர் மலத்தில் மாத்திரையின் கூட்டைக் கண்டு, மருந்து கரையவில்லை என அஞ்சி இன்னொன்றை விழுங்குகின்றனர். வெளியேறுவது வெற்றுக் கூடே. மருந்து முன்னரே உடலில் சேர்ந்துவிட்டது.