மருத்துவமனைகளில் புற ஊதாக் கிருமிநீக்கம்

மருத்துவமனைகளில் புற ஊதாக் கிருமிநீக்கம் என்பது, குறைந்த அலைநீளம் கொண்ட புற ஊதாக் கதிர்களைச் செலுத்தி, நோயாளர் அறைகளின் காற்றிலும் பரப்புகளிலும் உள்ள நுண்ணுயிர்களைச் செயலிழக்கச் செய்யும் முறை ஆகும். வீட்டுக் குடிநீர்த் தூய்மைக் கருவிகள் பலவற்றிலும் இதே வகைக் கதிர்களே பயன்படுகின்றன. முறை பழையது, எனினும் மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகியதாலும், புதிய வகை விளக்குகள் உருவானதாலும், 1990-களுக்குப் பின் இது மீண்டும் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றது.

தேவை

ஒரு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவர் அங்கேயே வேறொரு தொற்றைப் பெறுவது மருத்துவமனைத் தொற்று எனப்படும். உலக சுகாதார அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உயர் வருமான நாடுகளில் உள்நோயாளிகள் 100 பேரில் 7 பேரும், நடுத்தர மற்றும் குறைந்த வருமான நாடுகளில் 15 பேரும் இத்தகைய தொற்று ஒன்றையேனும் பெறுகின்றனர். ஒருவர் வீடு திரும்பிய பின் அவருடைய கட்டிலின் கம்பி, மின்விசை, கதவுப்பிடி ஆகியவற்றில் தங்கிய கிருமிகள், அதே கட்டிலுக்கு வரும் அடுத்தவரைத் தொற்றக்கூடும். கைகளால் துடைக்கும்போது சில இடங்கள் விடுபடுவது இயல்பு. கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளோசுட்ரிடியாய்டிசு டிஃபிசில் போன்ற பாக்டீரியாக்களின் வித்துக்கள் வறண்ட பரப்பில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்க வல்லவை.

செயல்படும் விதம்

புற ஊதாக் கதிர்கள் அலைநீளத்தைப் பொறுத்து ஏ, பி, சி என மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன. இவற்றுள் 280 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள சி வகையே கிருமிநீக்கத்துக்குப் பெரிதும் பயன்படுவது. சூரிய ஒளியில் உள்ள சி வகைக் கதிர்களை வளிமண்டலம் முழுவதும் உறிஞ்சிவிடுவதால் அவை தரையை அடைவதில்லை. எனவே விளக்குகள் மூலமே அவற்றைப் பெற வேண்டும். தாழ் அழுத்தப் பாதரச ஆவி விளக்கு பெரும்பாலும் 253.7 நானோமீட்டர் அலைநீளக் கதிரை வெளியிடுகிறது. டி.என்.ஏ. மிகுதியாக உறிஞ்சும் அலைநீளம் இதற்கு மிக அருகில் உள்ளது. கதிரை உறிஞ்சிய டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள இரு தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. இதனால் மரபுச் செய்தியைப் படியெடுக்க இயலாது போகிறது. நுண்ணுயிர் உடனே அழியாவிடினும் பெருக முடிவதில்லை. பெருக முடியாத கிருமியால் தொற்றை உண்டாக்க முடியாது.

வரலாறு

சூரிய ஒளி பட்ட குழாய்களில் நுண்ணுயிர்கள் வளர்வதில்லை என்பதை இங்கிலாந்தைச் சேர்ந்த டவுன்சு, பிளண்ட் ஆகியோர் 1877இல் அறிவித்தனர். தோல் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை அளித்த நீல்சு ஃபின்சென் 1903இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

காற்றைத் தூய்மை செய்ய இக்கதிரைப் பயன்படுத்தியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான வில்லியம் வெல்சு. இருமும்போது வெளிப்படும் நுண்துளிகள் உலர்ந்து, நெடுநேரம் காற்றில் மிதக்கும் துகள்களாகின்றன என்று அவர் 1930-களில் விளக்கினார். பிலடெல்பியா பகுதிப் பள்ளிகளில் அவர் விளக்குகளைப் பொருத்தினார். 1941இல் தட்டம்மை பரவியபோது, விளக்குப் பொருத்திய வகுப்புகளில் நோய் குறைவாகவே பரவியது. ஆனால் பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகள் இதே பலனைத் தரவில்லை. பள்ளிக்கு வெளியே பிள்ளைகள் ஒன்றுகூடும் இடங்களில் விளக்கு இல்லை என்பது இதற்குக் கூறப்படும் காரணம்.

ஐயத்தைத் தீர்த்தது பால்டிமோர் நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வு ஆகும். வெல்சின் மாணவரான ரிச்சர்டு ரைலி, ஆறு படுக்கைகள் கொண்ட காசநோய்ப் பிரிவின் காற்றைக் குழாய் வழியாக, மேலே கினிப்பன்றிகள் இருந்த கூடத்துக்குச் செலுத்தினார். நோயாளிகளை நேரில் அணுகாத அவ்விலங்குகள் அக்காற்றைச் சுவாசித்ததாலேயே காசநோய்த் தொற்றைப் பெற்றன. வழியில் புற ஊதா விளக்கு வைத்த குழாயின் காற்றைச் சுவாசித்தவற்றுக்கோ தொற்று ஏற்படவில்லை. காசநோய் காற்றின் வழியே பரவுகிறது என்பதும், அதைத் தடுக்க இயலும் என்பதும் ஒரே ஆய்வில் நிறுவப்பட்டன. எனினும் அதற்குள் காசநோய்க்கு நல்ல மருந்துகள் வந்துவிட்டிருந்தமையால் விளக்குகள் பெரும்பாலும் மறக்கப்பட்டன.

அறையின் மேற்பகுதியில் பயன்பாடு

253.7 நானோமீட்டர் கதிர் கண்ணையும் தோலையும் தாக்கக்கூடியது. ஆகவே ஆட்கள் இருக்கும் அறையில் விளக்குகளை ஆளுயரத்துக்கு மேல் பொருத்தி, தடுப்புத் தகடுகள் மூலம் கதிர் கூரைப் பக்கமாக மட்டும் செல்லுமாறு அமைப்பர். நோயாளியின் மூச்சுக்காற்று மேலெழுந்து கதிரைக் கடந்து மீண்டும் கீழிறங்குகிறது. காற்று நன்கு கலந்தால்தான் இது பயன் தரும் என்பதால் மின்விசிறி உதவியாக அமைகிறது.

பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனை ஒன்றில், ரைலியின் முறையைப் பின்பற்றி நடந்த ஆய்வின் முடிவுகள் 2009இல் வெளியாயின. விளக்கு இயங்காத நாள்களின் காற்றைச் சுவாசித்த கினிப்பன்றிகளுள் 35 விழுக்காடும், விளக்கு இயங்கிய நாள்களின் காற்றைச் சுவாசித்தவற்றுள் 9.5 விழுக்காடும் தொற்றுற்றன. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ 80 விழுக்காடு தடுப்பாற்றல் காணப்பட்டது. காற்றோட்டம் குறைந்த கட்டடங்களில் இயங்கும் காசநோய்ப் பிரிவுகளுக்கு இம்முறை மிகவும் ஏற்றது எனலாம்.

ஆளற்ற அறையில் பயன்பாடு

நோயாளி சென்றபின், துடைத்துத் தூய்மை செய்த அறையில் நகரும் விளக்குக் கருவியை வைத்து, கதவை மூடி இயக்குவர். யாரேனும் உள்ளே வந்தால் கருவி தானே நின்றுவிடும். சில கருவிகள் பாதரசத்துக்கு மாற்றாகச் செனான் வளிமத்தில் மின்வெட்டுப் போன்ற ஒளித்துடிப்புகளை உண்டாக்குகின்றன.

அமெரிக்காவின் 9 மருத்துவமனைகளில் நடந்து 2017இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. வழக்கமான கிருமிநாசினியுடன் புற ஊதாக் கதிரையும் பயன்படுத்தியபோது, அவ்வறைக்கு அடுத்து வந்த நோயாளிகளிடம் குறிப்பிட்ட மருந்தெதிர்ப்புக் கிருமிகளின் பரவல் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஆனால் வெளுப்பான் கொண்டு துடைத்த அறைகளில் கதிரைச் சேர்த்ததால் டிஃபிசில் தொற்று மேலும் குறையவில்லை. விலையுயர்ந்த கருவி வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டிய முடிவு இது.

கதிர் நேர்கோட்டில் செல்வதால் நிழலில் உள்ள பரப்புகளுக்கு அதன் பயன் மிகக் குறைவு. தொலைவு கூடக் கூட அதன் செறிவு விரைந்து குறைகிறது. இரத்தமோ அழுக்கோ படிந்த இடத்தில் அது ஊடுருவுவதில்லை. எனவே துடைப்பவரின் வேலையை இக்கருவி ஒருபோதும் நீக்குவதில்லை.

சேய்மைப் புற ஊதாக் கதிர்

கிரிப்டான் குளோரைடு விளக்குகள் 222 நானோமீட்டர் அலைநீளக் கதிரை வெளியிடுகின்றன. இக்கதிரைப் புரதங்கள் மிகுதியாக உறிஞ்சுவதால், தோலின் மேலுள்ள உயிரற்ற அடுக்கையும் கண்ணின் மேற்பரப்பையும் தாண்டி அது ஆழமாகச் செல்வதில்லை. மிகச் சிறிய நுண்ணுயிர்களுக்குள்ளோ எளிதில் புகுகிறது. ஆட்கள் இருக்கும்போதே அறை முழுவதும் இதைப் பயன்படுத்த இயலும் என்னும் கருத்தைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிடு பிரென்னர் குழுவினர் வலியுறுத்தி வருகின்றனர். ஓர் அறையளவுக் கூடத்தில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், காற்றில் தொடர்ந்து தெளிக்கப்பட்ட பாக்டீரியாவின் அளவு 98 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. இவ்விளக்குகள் வெளியிடும் நீண்ட அலைநீளக் கதிர்களை வடிகட்ட வேண்டும். சிறிதளவு ஓசோனும் உருவாவதால் காற்றோட்டமும் தேவை.

ஆய்வுக்கூட முடிவு அப்படியே மனிதரிடம் பலித்துவிடுவதில்லை. தென் ஆசுதிரேலியாவின் முதியோர் இல்லங்களில் 253.7 நானோமீட்டர் வகைக் கதிரைக் கொண்டு நடந்து 2025இல் வெளியான ஆய்வில், மூச்சுத் தொற்றுகளின் மொத்த எண்ணிக்கை ஓரளவே குறைந்தது. முதன்மை அளவீட்டில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை.

பாதுகாப்பு

பாதரச விளக்கின் கதிர் நேராகப் பட்டால், சில மணி நேரத்துக்குப் பின் கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தலும் வலியும் தோன்றும். பற்றவைப்புத் தொழிலாளர் அறிந்த துன்பமே இது. கோவிட்-19 பரவிய 2020இல் இவ்விளக்குகள் வீட்டுப் பயன்பாட்டுக்கும் விற்கப்பட்டன. கைகளையோ தோலையோ தூய்மை செய்ய அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு அப்போது எச்சரித்தது. விளக்கு உடைந்தால் பாதரசம் வெளிப்படும். மேலும், விளக்கின் நீலநிற ஒளி மங்காமல் இருக்கும்போதே அதன் கண்ணுக்குத் தெரியாத கதிர் வலுவிழக்கக் கூடும் என்பதால், கதிரின் அளவைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் கருவி கொண்டு சோதித்து, விளக்குகளை மாற்ற வேண்டும்.